நந்தியாவட்டை அடியில் கிடக்கும் சருகு

"சாமிக்குப் பூ வேணும்னு புழுவைக் கொன்னா, சாமி சந்தோஷப்படுமாம்மா?" ஆறு வயதில் கௌசல்யா கேட்டாள். "அப்பா செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றேன். செடியைத் தின்னும் புழுக்கள் ஒளிந்திருந்த சருகை நீங்கள் கொளுத்தினீர்கள். அவள் அழுதாள்.

நீங்கள் கோவிலிலிருந்து வருமுன் கழக்கூட்டம் ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கிளம்புகிறேன். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளின் வாசலை மிதிக்கமாட்டேன் என்றீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அடை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

நந்தியாவட்டை அடியில் பெருக்கவோ கொளுத்தவோ வேண்டாம். விரல் நீளத்தில், பழுப்பாக, பக்கவாட்டில் கறுப்புப் புள்ளிகளோடு கிடப்பவை பச்சை அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள். தொட்டால் வால் அசையும். இரண்டு மூன்று வாரத்தில் பறந்துவிடும். அதுவரை சிவனுக்கு வில்வம் போதும்.

கொளுத்த வேண்டாம் என்றதற்கு, "புழுவுக்கு வக்காலத்தா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாளாகப் பேசாமல் இருக்கிறீர்கள். ஆமாம், வக்காலத்துதான்.

கோமதி

பி.கு: கொளுத்துவதற்காக நீங்கள் கூட்டிவைத்த குவியலைக் காலையில் கலைத்துப் பார்த்தேன். ஐந்துக்கு உயிர் இருந்தது. செடியடியில் வைத்துச் சருகால் மூடினேன். யாரும் பார்க்கவில்லை. கௌசல்யாவிடமும் சொல்லப்போவதில்லை. ஆறு வயதில் அவள் கேட்டதற்கு அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.