சிறிது கால நோய்க்குப் பின்

ஜனவரி 14, செவ்வாய்

ஐரினா தன் மகளுக்குப் பின்வாசல் வழியாக மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்துவிட்டாள் என்று எங்கள் தேவாலயத்துப் பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. பின்வாசலும் இல்லை, இடமும் இல்லை. என் மகள் ஜஸ்டினா படிப்பது மருத்துவக் கல்லூரிக்கு முன்னால் படிக்கும் ஓராண்டு முதுநிலைப் படிப்பு. முதலாண்டு மருத்துவ மாணவர்களோடு அதே கூடத்தில் உட்கார்ந்து அதே கேள்வித்தாளை எழுதுகிறாள். அவர்களுடைய சராசரிக்கு மேலே வந்தால், அவளுடைய பழைய, குறைந்த கல்லூரி மதிப்பெண்களைத் தள்ளிவைத்து இவளைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று மருத்துவக் கல்லூரிகள் யோசிக்கும். யோசிக்கும், அவ்வளவுதான். கீழே வந்தால் இனி எந்தக் கல்லூரியும் திரும்பிப் பார்க்காது.

இன்னொரு திருத்தம். நான் அவளை இதில் தள்ளிவிடவில்லை. ஆம்புலன்ஸில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இருபத்தொன்பது வயதில் டாக்டராகப் போகிறேன் என்று அவளாக வந்து சொன்னாள். நான் கேட்டது "நிஜமாத்தான் சொல்றியா?" என்று மட்டுமே.

ஜனவரி 30, வியாழன்

திங்கட்கிழமை சிறுநீரகப் பாடத்தில் தேர்வு. அவள் சூப்பைத் தொடவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 5, புதன்

சராசரிக்கு மூன்று மதிப்பெண் கீழே.

"மூணுதானேம்மா" என்றாள்.

"கீழேன்னா கீழேதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள், நான் செத்துப்போகவில்லை. ஆனால் எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவளுக்கு இது கடைசி வாய்ப்பு. கோட்டைக்கூட மாட்டாமல் பனியில் வெளியே போய்விட்டாள். ஜன்னலருகே நின்றுகொண்டே இருந்தேன். திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போல, "பால் தீர்ந்துபோச்சு" என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து படியிறங்கும்போது, அந்தத் தேவாலயத்துப் பெண்களில் ஒருத்தியான வாண்டா பிடித்துக்கொண்டாள்.

"ஏன் ஐரினா, பொண்ணு இன்னும் படிச்சிட்டே இருக்காளாமே? கிழவியாகி டாக்டரானா யாருக்கு ஊசி போடுவா?"

"உனக்குத்தான் வாண்டா. இருக்கிறதுலயே பெரிய ஊசியா எடுத்து வைக்கச் சொல்றேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை, இவள் எத்தனை வயதில் டாக்டராவாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தேன்.

மார்ச் 19, புதன்

இதயப் பாடம். கேள்வி எழுதிய அட்டைகளை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். லத்தீன் பெயர்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொலை செய்கிறார்கள். நான்கு முறை நிறுத்திச் சரியாக உச்சரிக்க வைத்தேன்.

"அம்மா, உச்சரிப்புக்கு மார்க் கிடையாது. ரத்தம் எந்தப் பக்கம் போகுதுன்னு நான் சொன்னது சரியா, அதைப் பாரு."

சரிதான். எல்லாமே சரி.

ஏப்ரல் 19, பெரிய சனி

ஈஸ்டர் உணவுக் கூடையை ஆசீர்வதிக்கத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனோம். ரொட்டி, தொத்திறைச்சி, முட்டை, வெண்ணெயில் வடித்த சிறிய ஆட்டுக்குட்டி உருவம். காலையில் கூடையைக் கட்டும்போது அந்த வெண்ணெய்க்குட்டியின் மேல் கத்தி முனையை வைத்து, இங்கே இதயம், இங்கே நுரையீரல் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இங்க கல்லீ" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அவள் அப்பா போனது கல்லீரலால். இந்த வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் சொல்வதில்லை. கூடையைத் துணியால் மூடினேன்.

மே 14, புதன்

முடிவு வந்துவிட்டது. சிறுநீரகம் தவிர எல்லாவற்றிலும் சராசரிக்கு மேலே. என்னைத் தூக்கிச் சுற்றினாள், என் இடுப்பு வலியைப் பற்றிக் கவலையே இல்லாமல்.

இன்றிரவு தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

மே 28, புதன்

தூக்கமாவது ஒன்றாவது.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டிய கட்டுரையை வழிகாட்டி ஆசிரியையிடம் காட்டினாளாம். டாக்டர் ப்ரென்னர் என்று பெயர், பல ஆண்டுகளாக இதே வேலை. இந்த வருடத்து மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றன; ஆனால் கல்லூரி நாட்களில் நான்கு பருவம் மதிப்பெண் சரிந்ததே, அதற்குக் காரணம் எங்கே என்று கேட்டாராம். இவள் ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாள்: "என் தந்தை சிறிது கால நோய்க்குப் பின் காலமானார்."

அது என் வாக்கியம். செய்தித்தாளில் மரண அறிவிப்புக்கு நான் எழுதிக் கொடுத்தது. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

டாக்டர் ப்ரென்னர் கேட்டுவிட்டார். "சிறிது கால நோய்க்கு எப்படிம்மா நாலு பருவம் போகும்? தேர்வுக் குழுல இதைப் படிக்கிறவங்க, இந்தப் பொண்ணு எதையோ மறைக்குதுன்னுதான் நினைப்பாங்க. அப்புறம் இந்த வருஷம் படிச்சதெல்லாம் வீண்."

"உள்ளதை எழுதிடட்டுமாம்மா?" என்றாள் ஜஸ்டினா.

"என்ன உள்ளது?"

"அப்பா குடிச்சது."

"ஒரு சீட்டுக்காக உங்கப்பாவை விக்கப் போறியா?"

"விக்கலம்மா. வெள்ளிக்கிழமையானா பஸ் ஏறி வந்து அவரைக் குளிப்பாட்டினது நான். திங்கட்கிழமை பரீட்சைக்குப் பஸ்ஸுலயே படிச்சது நான். அதுவும் என்னோடதுதானே? உன் வாக்கியத்தைத் தவிர எனக்கு வேற மாதிரி சொல்லக்கூடத் தெரியல!"

"என் உயிர் இருக்கிற வரைக்கும் கூடாது" என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

வீட்டில் இப்போது பேச்சு இவ்வளவுதான்: "உப்பு", "சாவி", "போயிட்டு வரேன்". பூசைக்கு எனக்கு முன்பே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விண்ணப்பத்தைச் சீக்கிரம் அனுப்பினால்தான் நல்லதாம். தாமதித்தால் நேர்காணல் அழைப்புகள் தீர்ந்துவிடுமாம்.

ஜூன் 4, புதன்

என் கணவர் காஸிமிர் நல்ல மனிதர். அதை யார் எழுதுவார்கள்? முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, குடிகாரன் மகள் என்று படித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பார்கள்.

இல்லை. முடியாது.

ஜூன் 6, வெள்ளி

நாளை மறுநாள் மாலை அனுப்பப் போகிறாள். கட்டுரையை அச்சடித்துச் சமையலறை மேசையில் வைத்திருக்கிறாள். இலக்கணப் பிழை பார்க்க எப்போதும் நான்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது. ஒரு சொல் மாறவில்லை. குடி இல்லை, பஸ் இல்லை. எனக்காக இந்த வருடத்தையே தூக்கிப் போடத் துணிந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். இப்படிப் பணிந்துபோனால் நான் என்ன செய்வேன்?

காற்புள்ளி ஒன்றைத் திருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஜஸ்டினா, படிப்பு முடிந்ததும் நீ திரும்பிப் போன ஆம்புலன்ஸ் வேலையில் இருக்கிறாய். வந்ததும் அனுப்பிவிடுவாய். அதற்குள், உன் கட்டுரைமேல் விரித்து வைக்கும் இந்த நாட்குறிப்பைப் படித்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தை மட்டும். முந்தைய பக்கங்கள் எனக்கானவை.

உன் கட்டுரையில் ஒரு சொல் தவறு. "சிறிது". இரண்டு குளிர்காலம் அவர் அந்த முன்னறையில் படுத்திருந்தார். அதைச் சிறிது என்று எந்த ஆசிரியையும் ஒப்புக்கொள்ளமாட்டார். நான் அந்தச் சொல்லைப் போட்டது சவ அடக்கத்துக்கு வருகிறவர்களுக்காக. மருத்துவக் கல்லூரிக்காக அல்ல. அதை எடுத்துவிடு.

"நோய்" என்பதும் போதாது. உன் அப்பாவுக்குக் கல்லீரல் கெட்டது. குடியால் கெட்டது. நீ டாக்டராகப் போகிறவள்; உறுப்பின் பெயரைச் சொல்லி எழுது. வெள்ளிக்கிழமை பஸ்ஸையும் எழுது. நான் அவரைத் திருப்பிப் போடக்கூட முடியாமல் நிற்பேன். நீ வந்து ஒரே மூச்சில் தூக்குவாய். அதை எழுது.

அவர் தொழிற்சாலைக்கு ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்பதையும் எழுத வேண்டும். இது என் நிபந்தனை. இரண்டும் ஒரே மனிதர். ஒன்றை எழுதி இன்னொன்றை விட்டால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இதை வாயால் சொல்ல என்னால் ஆகாது. பேச ஆரம்பித்தால் உன் உச்சரிப்பைத் திருத்தப் போய்விடுவேன்.

அடுப்பில் முட்டைக்கோஸ் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு உட்கார். கீழே பாதிப் பக்கம் உனக்காக விட்டிருக்கிறேன். மாற்றி எழுதுகிறாயா, இல்லையா? எழுத்தில் பதில் போடு.