மூத்த ராணியின் புலம்பல்

மாசி 9, சனிக்கிழமை

பாப்பிரெட்டிப்பட்டி மண்டபத்தில் இன்று ராணிகளின் கதைகளைப் பாட்டாகப் பாடினேன். ராஜா இளையவளைக் கட்டிக்கொண்டதும் மூத்த ராணி புலம்பும் பாட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம். அதை எழுதியதும் நான்தான். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால், மூன்றாவது வரிசையில் என் கணவரின் முதல் மனைவி செல்வி அக்கா உட்கார்ந்திருந்தார். பிறகு அவராகவே மேடைக்குப் பின்னால் வந்தார்.

"நல்லா பாடுனீங்க. ஆனா அந்த ராணி அவ்ளோ அழுதிருக்க மாட்டாங்க. காலைல புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பணுமில்லீங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "டீ குடிக்கிறீங்களாக்கா?" என்றுதான் வந்தது.

"வூட்ல வேல கெடக்குதுங்க" என்று பஸ் ஏறப் போய்விட்டார்.

கூசிப்போய் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் கணவர், "புரோகிராம் எப்படி?" என்று கேட்டார். நன்றாக நடந்தது என்றேன். அக்கா வந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.