ஒழுகாத குகை

7 நவம்பர் 1971, ஞாயிறு. சேலையூர்.

முதுகில் கான்வாஸ் பையோடு செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் இரண்டு நாள் சுற்றிவிட்டு மாலைதான் நானும் அவரும் வீடு திரும்பினோம். கால் இரண்டும் கடுக்கின்றன. மனசு இன்னும் அந்தச் சமணர் குகையிலேயே இருக்கிறது.

நேற்று குகைக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நான் யோசிக்கவே இல்லை. டிபன் கேரியரைக் கழற்றி, அடுக்குகளைக் கற்படுக்கைகளைச் சுற்றிப் பரப்பி வைத்துவிட்டேன். எல்லாம் மழை வந்தால் ஒழுகும் இந்த வீட்டுப் பழக்கம். இந்த வீட்டைக் கூடவே நின்று கட்டியவர் அவர். முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏன் ஸ்டெல்லா, இங்கயுமா?" என்றார்.

உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. குகையின் நெற்றியில் நீளமாக, பள்ளக் கோடு போல ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பாறையில் வழிந்து வந்த தண்ணீரெல்லாம் அதோடு நின்று, திரை போட்டாற்போல வெளியே கொட்டியது. துறவிகள் படுத்த படுக்கையும், கல்லிலேயே செதுக்கிய தலையணையும் உலர்ந்து கிடந்தன. எத்தனை நூற்றாண்டு மழை! வெட்டியவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். திரும்பி வரும்போது ரயிலில் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். நான் குத்திக் காட்டியதாக நினைத்துவிட்டாரோ? அதுதான் உறுத்துகிறது.

இப்போது இங்கேயும் மழை. பாத்திரம் எடுக்கப் போனேன். கட்டிலைச் சுற்றி டிபன் கேரியர் அடுக்குகளை அவரே வைத்துவிட்டிருந்தார். மல்லாந்து படுத்து, நேற்றுப் போலவே மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தக் காடி ஒரு விரல் ஆழம் இருக்குமா ஸ்டெல்லா?"

"ரெண்டு விரல் இருக்குங்க" என்றேன்.