நீ அனுப்பிய திராட்சைக் குச்சிகள்

அண்ணனுக்கு,

உன் தோட்டத்தில் வெட்டி நீ கொடுத்தனுப்பிய நாற்பது குச்சிகளும் வந்து சேர்ந்தன. அப்பா இந்த நிலத்தை என் பெயருக்கு எழுதிவைத்த நாளிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், நாங்கள் திராட்சை போடப்போவது தெரிந்ததும் திடீரென்று தாராளம் காட்டினால் நான் என்ன நினைப்பது?

ஈரச் சாக்கைப் பிரித்ததும் உள்ளே வக்கீல் நோட்டீஸ் ஏதும் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். இல்லை. அப்படியென்றால் நோய்க் குச்சிதான், என் நிலத்தைப் பாழாக்கப் பார்க்கிறாய் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் பைகளில் ஊன்றித் தனியாக வைத்தேன். தோட்டத்தில் நர்சரியில் வாங்கிய கன்றுகளைத்தான் நட்டோம்.

"உங்க அண்ணன் கைபட்டது நம்ம மண்ணத் தொடக்கூடாதா?" என்று உன் மாப்பிள்ளை கேலி செய்தார்.

"நீங்க சும்மா இருங்க. அவன் காரணமில்லாம தும்மக்கூட மாட்டான்" என்றேன்.

நர்சரிக் கன்றுகளில் பாதி பட்டுப்போயின. உன்னுடையவை அத்தனையும் துளிர்த்தன. அப்போதும் நம்பாமல் வேளாண்மை அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"நோயெல்லாம் ஒண்ணுமில்லம்மா. துளிர் விடுற நல்ல கண்ணாப் பாத்து ஒவ்வொண்ணா வெட்டியிருக்காங்க. ரெண்டு நாள் வேலை இது" என்றார்.

இன்று காலை உன் கன்றுகளை முதல் வரிசையில் நட்டோம். பழம் பார்க்க இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை என் சந்தேகம் தீராது. அதனால் நீயே வந்து கொடியை எப்படிப் பந்தலில் ஏற்றுவது என்று காட்டு. பக்கத்தில் இருந்தால் உன்னைக் கண்காணிக்கவும் எனக்கு வசதி.

இப்படிக்கு,
இன்னும் நம்பாத உன் தங்கை