குறி போட்ட நத்தைகள்

அத்திம்பேர்,

நியூ டவுனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பூஜா பந்தலுக்குக் கிளம்பும் அவசரத்தில் மருமகள் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாள். வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் டாலிகஞ்ச் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கல்கத்தாவிலேயே நத்தைக்கு நகப்பூச்சு போட்ட முதல் தமிழன் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மீதிக் கதையை மட்டும் நேற்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

குளத்தில் மண் கொட்டி அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் நீங்கள் மனு எழுதினீர்கள். காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவராச்சே, வெறும் மனு போதாது, எத்தனை உயிர் இருக்கிறது என்று காட்டணும் என்றீர்கள். முட்டிவலியோடு உங்களால் இறங்க முடியாது. "எண்ணறதுக்கு என்னை விட்டா இந்த ஊர்ல யார் இருக்கா?" என்றேன். கிடர்பூர் டாக்கில் முப்பது வருஷம் கப்பல் மூட்டை எண்ணியவன். ஒரு தடவை கப்பல் கேப்டனே எனக்கு சல்யூட் அடித்திருக்கிறார். சரி, கேப்டன் இல்லை, அவருடைய சமையல்காரர்.

"எல்லாத்தையும் எண்ண வேண்டாம்டா" என்று சிரித்தீர்கள். குக்லி என்று இங்கே சொல்கிற குட்டி நத்தை இருநூறைப் பிடித்து, ஓட்டைத் துடைத்து, சிவப்புப் பொட்டு வைத்து, குளம் முழுக்கப் பரவலாக விட்டோம். பத்து நாள் கழித்து மறுபடி பிடிக்கச் சொன்னீர்கள். அதில் பொட்டு வைத்தது எத்தனை வருகிறது என்பதில்தான் சூட்சுமம் என்று கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு விளக்கினீர்கள். நான் எங்கே கேட்டேன்? வேலியோரம் நின்றவர்கள், "கீ மேஷோ, என்ன மாமா, விஞ்ஞானி ஆயிட்டீங்களா?" என்று கேட்க, அவர்களுக்குப் பதில் சொல்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

டாக்கில் ஒரு சட்டம் உண்டு. சாக்பீஸ் குறி விழுந்த மூட்டையை மறுபடி எண்ணினவனுக்கு அன்றோடு வேலை போச்சு. அதே புத்தியில், பத்தாம் நாள் மறுபடி பிடிக்கும்போது பொட்டு வைத்த நத்தை கையில் வந்தால், உன்னைத்தான் எண்ணியாச்சே, போ என்று திரும்பத் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கெட்டைக் கரையில் கவிழ்த்தபோது நூற்றைம்பது நத்தை. அதில் பொட்டு வைத்தவை ஐந்துதான். என் கண்ணுக்குத் தப்பியவை.

வார்டு ஆபீஸ் கூட்டத்தில் நீங்கள் பெங்காலியில் அழகாக எடுத்துச் சொன்னீர்கள். மறுபடி பிடிக்கும்போது குறி நிறைய வந்தால் குளத்தில் நத்தை கொஞ்சம், குறி கொஞ்சமாக வந்தால் நத்தை ஏராளம். இருநூறை நூற்றைம்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் ஆறாயிரம் என்றீர்கள். நான் திரும்பத் தண்ணீரில் போட்டவைதான் அந்த எண்ணை ஊதிவிட்டன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம், இந்தக் கணக்கே என் கைவேலைதான் என்று சற்றுமுன்தான் அளந்திருந்தேன்.

எதிர்த் தரப்பு ஆள் எழுந்தார். அவரும் எண்ணியிருந்தார். எண்ணூறு சொச்சம். "மாஸ்டர்மொஷாய், நம்ம வாத்தியார் ஐயா, நத்தையோடு கனவையும் சேர்த்து எண்ணிட்டார்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. எண்ணூறு இருந்தாலே அது உயிருள்ள குளம்தான் என்று நீங்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எண்ணிக்கையே பொய் என்றால் மனுவில் வேறு எது நிஜம் என்று அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். அடுத்த மாதம் மண் லாரி வந்தது.

குளம் போனதை விட எனக்கு நெஞ்சை அறுப்பது வேறு. நீங்கள் நோட்டை வைத்துக்கொண்டு அதே பெருக்கலைத் திரும்பத் திரும்பப் போட்டீர்கள். "எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்டா. மூளை மழுங்கிப்போச்சு" என்றீர்கள். "வயசாச்சு இல்லையா அத்திம்பேர்" என்றேன். அதற்கப்புறம் கறிகாய்க் கணக்கைக்கூட அக்காவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னீர்கள். அந்த நம்பிக்கையின்மையோடுதான் போய்ச் சேர்ந்தீர்கள்.

நேற்று டாலிகஞ்ச் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய் பீரோவிலிருந்து உங்கள் நோட்டை எடுத்துவந்து பிரித்தாள்.

"எத்தனையைத் தண்ணியில திருப்பிப் போட்டே? அது தெரிஞ்சா அவர் கணக்கைத் திருத்திடலாம்."

என் வாய்க்கு எண் எப்போது பஞ்சமாக இருந்தது? நாற்பது வந்தது, அறுபதும் வந்தது. அக்கா பென்சிலோடு காத்திருந்தாள்.

"எண்ணலை அக்கா."

பென்சிலை என் பக்கம் நீட்டினாள். "அப்போ அதையே எழுது. உன் கையாலேயே எழுது."

எழுதினேன். குறி போட்டவற்றை நான் தண்ணீரில் போட்டுவிட்டேன், எத்தனை என்று தெரியாது, பெருக்கினதிலும் வகுத்ததிலும் அத்திம்பேரிடம் ஒரு தப்பும் இல்லை என்று. கீழே கையெழுத்தும் போட்டேன். என் வாழ்நாளில் நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதியது அந்த நாலு வரிதான். அதைப் படித்திருக்க வேண்டியவர் நீங்கள் ஒருத்தர்தான், அத்திம்பேர்.