பாலோடு விழுங்கிய மாத்திரை

2001 ஜூன் 4, திங்கள்

ஹீமோகுளோபின் மறுபடியும் 8.2. ஓர்ப்படி விஷ்ணுப்ரியாவுக்கு 10.8. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே இரும்பு மாத்திரை. இரண்டு மருமகள்களுக்கும் ஐந்தாம் மாதம். எட்டு வருஷம் காத்திருந்தவள் நான். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதிலும் அவள்தான் முந்த வேண்டுமா?

இப்படியே போனால் பிரசவத்தில் என் உயிருக்கே ஆபத்தாம்.

ஜூன் 6

மாமியார் அவளுக்கு பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்து அனுப்புகிறாள். கழக்கூட்டம் என்கிற ஊரில் இருக்கும் அவள் ஆபீசில் மாத்திரையோடு குடிப்பாளாம். எனக்கு வெறும் பால். கேட்டேவிட்டேன்.

“அவளுக்குப் பாலைக் கண்டாலே கொமட்டறதுடி. நோக்கு வயிறு எரியப்படாதுன்னுதான் பால் தரேன். நம்மாத்துல எல்லாரும் மாத்திரையைப் பாலோடதான் முழுங்குவோம்.”

எல்லாரும் — அவளைத் தவிர!

ஜூன் 7

வயிறு எரியவில்லை. மற்றதெல்லாம் எரிகிறது.

ஜூன் 19

பால் இரண்டு டம்ளராகிவிட்டது. கால்சியம் மாத்திரையும் சேர்த்து ஒரே வாயில். இப்போதாவது மாமியாருக்கு என்மேல் கரிசனம் வந்ததே! விஷ்ணுப்ரியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கட்டும்.

ஜூலை 9

7.9. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுவிட்டேன். கூட வந்த விஷ்ணுப்ரியாதான் என்னை மறுபடி உள்ளே இழுத்துப் போனாள். “மன்னி மாத்திரையை எப்டி சாப்பிடறான்னு கேளுங்கோ டாக்டர்.”

சொன்னேன். மலையாளி டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ, ரெண்டும் ஒருமிச்சு கழிக்கண்டா!” இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாதாம்.

குடலுக்குள் நுழைய இரும்பும் கால்சியமும் முண்டியடிக்குமாம். பாலும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்து இரும்பை உள்ளே விடவில்லை. எலுமிச்சை இரும்புக்குக் கைகொடுக்குமாம். உடம்புக்கு இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு வேளையில்.

அப்படியானால் என்மேல் வைத்த கரிசனம்தான் என்னைக் கெடுத்ததா? அது கிடைக்காததால்தான் அவள் நன்றாக இருக்கிறாளா? ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

10.3. அவளுக்கு 11. இன்னும் கொஞ்சம்தான்.

அக்டோபர் 14, ஆஸ்பத்திரி

எனக்குப் பெண் பிறந்து நாலு நாளாகிறது. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அடுத்த அறையில் விஷ்ணுப்ரியா. நேற்று பையன் பிறந்தான். அவளுக்கு இன்னும் பால் சுரக்கவில்லை, குழந்தை ஓயாமல் அழுகிறது.

சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். “மன்னி, கொஞ்சம்...”

மீதியைச் சொல்ல விடவில்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவன் குடிக்கத் தொடங்கியதும் என் பெண் வீறிட்டாள். “பொறுடி” என்றேன். பொறுக்கவில்லை.

என் பெண்ணாயிற்றே!