திறந்து வைத்த குழாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமா? தும்மினால் சிறுநீர் கசியாமலிருக்க உள்ளே சிறுநீர்ப் பாதைக்குத் தாங்கலாக நாடா வைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா என்று போனில் கேட்டாயே, அன்று எங்கள் வார்டிலிருந்த டீச்சரம்மாவைப் பற்றி நான் சொல்லவில்லை. அவருக்கு வைத்த நாடா இறுகி, ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டாலாவது வருமென்று குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு அதட்டுல வகுப்பே அடங்கும் சிஸ்டர். இது மட்டும் நான் சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

இப்போது என் அறையில் குழாயைத் திறந்தாலே அவர் பக்கத்தில் காத்திருப்பதுபோல் இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனாலும் இறுகினால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் கேட்காமல் சம்மதிக்காதே. உன் போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்

பி.கு. அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். மறுநாள் நாடாவை வெட்டிவிட்டார்கள். சிறுநீர் போனது. தும்மினால் மறுபடியும் கசிகிறது.